மவுண்டன் பைக்குக்குக் கை நோகாத கிரிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரடுமுரடான பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கியதும் கையை உதறிக்கொண்டு நிற்பவர்களை எல்லாக் குழுவிலும் பார்க்கலாம். சுண்டுவிரல் மரத்துவிட்டது, உள்ளங்கை எரிகிறது, முன்கை கல்லாக இறுகிவிட்டது என்று ஆளுக்கொரு குறை. அடுத்த வாக்கியம் பெரும்பாலும் "எந்தக் கிரிப் வாங்கலாம்?" என்பதாகத்தான் இருக்கும். (ஹேண்டில்பாரின் இரு முனையிலும் நாம் கை வைத்துப் பிடிக்கும் உறைதான் கிரிப்.) என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், ஒரு காலத்தில் நானே மற்றவர்களிடம் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கை மரத்துப் போகிறது. கிரிப்பை மாற்றினால் சரியாகிவிடுமா?

சிலருக்கு முழுதாகச் சரியாகும். பலருக்குப் பாதிதான் சரியாகும். மீதிப் பாதி சீட்டிலும் பிரேக் லீவரிலும் டயர் காற்றிலும் ஒளிந்திருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீண்ட ஏற்றங்களில் என் வலது சுண்டுவிரல் உணர்வில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கடையில் இருந்ததிலேயே தடிமனான, அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்குகிற கிரிப்பை வாங்கி மாட்டினேன். முதல் நாள் சுகமாக இருந்தது. இரண்டாவது வாரத்தில் சுண்டுவிரலோடு முன்கை வலியும் சேர்ந்துகொண்டது. கூட ஓட்டும் நண்பர் ஒருவர் என் சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு, "சீட்டோட மூக்கு இவ்வளவு கீழ பார்த்தா, நீ கையிலதானே உட்கார்ந்திருப்ப?" என்றார். சீட்டைச் சமமாக்கினேன்; மரத்துப் போவது பெருமளவு குறைந்தது. பிறகு அந்த 34 மி.மீ. கிரிப்பைக் கழற்றிவிட்டு 30 மி.மீ. கிரிப்புக்கு மாறினேன், முன்கை வலியும் போயிற்று. என் கை சிறியது என்பதையே அப்போதுதான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து கிரிப்பை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. குறைந்த பலத்தில் பிடித்தாலும் கை நழுவாமல் இருக்கச் செய்வதுதான் நல்ல கிரிப்பின் வேலை. உங்களை உடும்புப்பிடி போட வைக்கிற கிரிப், தொடுவதற்கு எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், தொலைதூரத்தில் கையைக் கெடுத்துவிடும்.

எந்த விரல் மரத்துப் போகிறது என்று ஏன் கேட்கிறார்கள்?

எந்த நரம்பு அழுத்தப்படுகிறது என்பதை விரல்களே சொல்லிவிடும் என்பதால்.

சுண்டுவிரலும், மோதிரவிரலில் சுண்டுவிரலை ஒட்டிய பாதியும் மரத்தால், பாதிக்கப்பட்டிருப்பது அல்நார் நரம்பு. முழங்கையின் உட்பக்கம் எங்காவது இடித்துக்கொண்டால் 'சுரீர்' என்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்குமே, அதே நரம்புதான். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க மேட்டுக்கு அடியில், ஒரு குறுகிய வழியாக அது கைக்குள் நுழைகிறது. ஃபெலிக்ஸ் கியோன் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1861இல் இந்த வழியை விவரித்ததால் அதற்குக் கியோன் கால்வாய் என்று பெயர். ஹேண்டில்பாரில் உடல் எடை வந்து இறங்குவதும் சரியாக அந்த மேட்டில்தான். சைக்கிள் ஓட்டிகளிடம் இந்தத் தொல்லை அவ்வளவு வழக்கமாகிப்போனதால் மருத்துவர்கள் இதை ஆங்கிலத்தில் 'சைக்கிளிஸ்ட்ஸ் பால்சி' என்றே அழைக்கிறார்கள். உள்ளங்கையின் வெளி ஓரத்தைத் தாங்கிப் பிடிக்கும் அகலமான கிரிப் இவர்களுக்கு நன்றாகவே உதவும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்தால் அது மீடியன் நரம்பு. மணிக்கட்டின் நடுவிலுள்ள கார்ப்பல் சுரங்கம் என்ற குறுகிய வழியில் அது நெருக்கப்படுகிறது. மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கி நிற்கும்போது அந்தச் சுரங்கத்தினுள் அழுத்தம் ஏறும். இவர்கள் கிரிப்பை மாற்றுவதற்கு முன் பிரேக் லீவரின் சாய்வைப் பார்ப்பது நல்லது.

விரல் எதுவும் மரக்காமல் முன்கை மட்டும் இறுகி, பிரேக் பிடிக்கவே தெம்பில்லாமல் போகிறதா? அது நரம்புத் தொல்லையாக இருக்க வாய்ப்புக் குறைவு. நீண்ட இறக்கங்களில் இடைவிடாமல் இறுக்கிப் பிடிப்பதால் தசைக்குள் இரத்த ஓட்டம் தடைபட்டு வருகிற கடுப்பு அது. கிரிப்பின் தடிமன் பொருந்தாவிட்டால் இது சீக்கிரமே வந்துவிடும்.

கிரிப் வாங்கும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

ஒரு ஆலன் கீயும் (அறுகோண முனைச் சாவி) அரை மணி நேரமும் போதும். முதலில் சீட். மூக்கு கீழே சரிந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கக் கை ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும். ஏறத்தாழச் சமமாக வைத்துத் தொடங்குங்கள். சீட்டை மிகவும் உயரத்திலும் ஹேண்டில்பாரைத் தாழ்வாகவும் வைத்திருந்தாலும் இதே கதைதான். ஸ்டெமுக்கு (ஹேண்டில்பாரைக் கவ்வி நிற்கும் துண்டுக்கு) மேலே ஸ்பேசர் வளையங்கள் இருந்தால், அவற்றில் ஒன்றிரண்டைக் கீழே கொண்டுவந்து ஹேண்டில்பாரை உயர்த்திப் பாருங்கள்.

அடுத்து பிரேக் லீவர். இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, சாய்வு. நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையில் நின்று, கையை நேராக நீட்டி, ஆள்காட்டி விரலை லீவரில் வையுங்கள். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டு மேலே எழும்பிக் கை கீழ்நோக்கி மடங்கினால் லீவர் அளவுக்கு மீறிக் கீழே பார்க்கிறது என்று பொருள். செங்குத்தான இறக்கங்களையே அதிகம் ஓட்டுபவர்கள் லீவரை இன்னும் சற்றுப் படுக்கையாக வைத்துக்கொள்வார்கள். இரண்டாவது, லீவர் கிரிப்பிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்பது. பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. கிரிப்பை ஒட்டியே லீவரைப் பூட்டியிருந்தால், ஒற்றை விரல் லீவரின் நுனிக்குப் போவதற்காகக் கை முழுவதும் வெளியே நகர்ந்துவிடும். உள்ளங்கையின் ஓரம் கிரிப் முடியும் இடத்திலுள்ள உலோக வளையத்தின் மேல் உட்காரும். லீவரை ஒன்று ஒன்றரை செ.மீ. உள்ளே நகர்த்தியதும் "புதுக் கிரிப் போட்ட மாதிரி இருக்கிறது" என்று சொன்னவர்கள் உண்டு.

கடைசியாக டயர் காற்று. கல்போல் ஊதிய டயர் தரையின் ஒவ்வொரு பொடிக்கல்லையும் கைக்கு அனுப்பும். கிரிப்பில் உள்ள நான்கைந்து மி.மீ. ரப்பரைவிட, இரண்டு அங்குலத்துக்கு மேல் பருமனான டயர் எத்தனையோ மடங்கு அதிகமாக அதிர்வை விழுங்க வல்லது. டயர் தயாரிப்பாளர் குறிப்பிட்ட வரம்புக்குள் நின்றுகொண்டு, சிறிது சிறிதாகக் காற்றைக் குறைத்துப் பாருங்கள்.

'எர்கோனாமிக்' கிரிப் என்றால் என்ன? சாதாரணக் கிரிப்பிலிருந்து எப்படி வேறுபடும்?

சாதாரணக் கிரிப் ஓர் உருளை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வடிவம். நம் கை அப்படி இல்லை. மூடிய கையின் உட்குழி, ஆள்காட்டி விரல் பக்கம் ஓர் அளவும் சுண்டுவிரல் பக்கம் இன்னோர் அளவுமாக இருக்கிறது. உள்ளங்கையில் மேடும் பள்ளமும் இருக்கின்றன. அந்த வேறுபாட்டுக்கு ஏற்ப வடித்த கிரிப்பைத்தான் எர்கோனாமிக் என்கிறார்கள்.

அதில் மூன்று ரகம் உண்டு. முதலாவது, வெளி ஓரத்தில் தட்டையான இறக்கை நீட்டிக்கொண்டிருப்பது. ஜெர்மனியின் எர்கான் நிறுவனத்து ஜிபி1 இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இரண்டாவது, அதே யோசனையின் சுருங்கிய வடிவம்: ஓரத்தில் சிறு இறக்கை மட்டும். அதே நிறுவனத்தின் ஜிஏ3 இந்த வகை. மூன்றாவது ரகம் பார்வைக்கு உருளைபோலவே இருக்கும். ஆனால் உள்ளங்கை படும் இடத்தில் ரப்பர் தடித்தும், விரல்கள் மடங்கும் இடத்தில் மெலிந்தும், கட்டைவிரல் சுற்றும் இடத்தில் ஒடுங்கியும் இருக்கும்.

பெட்டியில் 'எர்கோனாமிக்' என்று அச்சிட்டிருப்பதாலேயே அது உங்கள் கைக்குப் பொருந்திவிடாது. ஏதோ ஒரு சராசரிக் கையை மனத்தில் வைத்து வடித்தது அது. பொருந்தாத வடிவத்துக்குக் கையைப் பழக்க முயல்வது செருப்புக்காகக் காலை வெட்டுகிற கதை.

எனக்கு ஏற்ற தடிமனை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வடிவம், ரப்பர், நிறுவனம் எல்லாம் தடிமனுக்குப் பிறகுதான்.

மவுண்டன் பைக் ஹேண்டில்பாரில் நாம் கை வைக்கும் பகுதியின் விட்டம் 22.2 மி.மீ. ஸ்டெம் கவ்வும் நடுப்பகுதி 31.8 ஆக இருந்தாலும் 35 ஆக இருந்தாலும் கிரிப்புக்கு அதனால் மாற்றமில்லை. அதன் மேல் ஏறும் கிரிப்பின் வெளி விட்டம் பெரும்பாலும் 28 முதல் 34 மி.மீ. வரை இருக்கும். 30க்குக் கீழே மெல்லியது, 31-32 நடுத்தரம், 33க்கு மேல் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டன் வீரர் பிரெண்டன் ஃபேர்க்ளஃபின் பெயரோடு வரும் டிஎம்ஆர் டெத்கிரிப், 29.8 மி.மீ., 31.3 மி.மீ. என இரண்டு தடிமன்களில் கிடைக்கிறது. வெறும் ஒன்றரை மி.மீ. வேறுபாட்டுக்காகத் தனி அச்சு செய்கிறார்கள் என்பதிலிருந்தே கைக்கு அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று புரிந்துகொள்ளலாம்.

சோதிப்பது எளிது. இப்போதுள்ள கிரிப்பை, கையுறை போட்டு ஓட்டுபவர் என்றால் கையுறையோடு, நான்கு விரல்களாலும் இயல்பாகச் சுற்றிப் பிடியுங்கள். விரல் நுனிகள் உள்ளங்கையில் அழுந்திக் குத்தினால் கிரிப் மெல்லியது. விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் ஒரு விரலே நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் தடிமன் கூடுதல். நுனிகள் உள்ளங்கையை லேசாகத் தொடுவதும், தொட்டும் தொடாமலும் நிற்பதும் சரியான அளவு.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இரண்டு பக்கத் தவறுக்கும் தண்டனை உண்டு. மெல்லிய கிரிப்பில் எடை முழுவதும் உள்ளங்கையின் குறுகிய பட்டையில் இறங்குகிறது. விரல்களும் அளவுக்கு மீறிச் சுருள்கின்றன. தடிமனான கிரிப்பில் விரல்கள் முழுதாகச் சுற்றாததால், சைக்கிள் குதிக்கும்போது கை நழுவாமலிருக்கக் கூடுதல் பலம் போட வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதல் பலம் முழுவதும் முன்கைத் தசையிலிருந்துதான் வர வேண்டும். ஏற்றங்களில் சுகமாக இருக்கும் தடித்த கிரிப், நீண்ட இறக்கத்தில் கையைக் கைவிடுவது இதனால்தான்.

இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறினால் நான் மெல்லியதை எடுக்கச் சொல்வேன். உட்கார்ந்தே நெடுந்தூரம் ஓட்டுபவர் என்றால் மட்டும் தடித்ததை எடுக்கலாம்.

மெத்தென்று இருக்கும் கிரிப்தானே கைக்கு நல்லது?

கடையில் விரலால் அழுத்திப் பார்த்து வாங்குவதால் வருகிற நம்பிக்கை இது. மிகவும் மிருதுவான பொருள் எடை ஏறியதும் முழுதாக நசுங்கிவிடும். நசுங்கியபின் அடியிலுள்ள கெட்டிக் குழாயைத்தான் கை உணரும். மேலும் மேற்பரப்பு நெளிந்துகொண்டே இருந்தால் கைக்கு உறுதி கிடைக்காது, அறியாமலே பிடி இறுகும்.

அதிர்வைத் தணிக்க ஓரளவு மென்மை வேண்டும்தான். அந்த மென்மை உள்ளங்கை படும் இடத்தில் இருந்து, மற்ற இடங்கள் உறுதியாக இருப்பதே நல்ல அமைப்பு. நல்ல கிரிப்களில் மேலே ஒரு வகைப் பள்ளமும் கீழே வேறு வகை வரிகளும் இருப்பது அழகுக்காக இல்லை: மேலே உள்ளங்கைக்கு மென்மை, கீழே விரல் கொக்கிபோல் பிடிக்கப் பிடிமானம்.

இறக்கை வைத்த கிரிப் யாருக்கு ஏற்றது? யாருக்கு வேண்டாம்?

உட்கார்ந்து அதிக நேரம் ஓட்டுபவருக்கு, குறிப்பாகச் சுண்டுவிரல் மரத்துப் போகிறவருக்கு, இதைவிட நல்ல மருந்து கிரிப்பில் இல்லை. அகலமான தட்டு எடையைப் பரப்பிவிடுகிறது. மணிக்கட்டு பின்னால் சரியாமல் தாங்குகிறது.

எழுந்து நின்று, பின்னால் சாய்ந்து, வளைவுகளில் முழங்கையை விரித்து ஓட்டுபவருக்கு இதே இறக்கை இடைஞ்சல். இறக்கத்தில் கையின் கோணம் நொடிக்கு நொடி மாறும். இறக்கையோ ஒரே கோணத்தை மட்டுமே ஏற்கும். கட்டாந்தரையிலும் நீண்ட மண்சாலையிலும் அருமையாக இருந்த கிரிப், பாறைப் படிகளில் இறங்கும்போது உள்ளங்கையை நெம்புவதை நானே உணர்ந்திருக்கிறேன். இரண்டும் கலந்து ஓட்டுபவர் சிறு இறக்கையோடு நின்றுகொள்வது நல்லது.

இறக்கையின் கோணத்தை எப்படி வைப்பது?

தரைக்கு ஏறத்தாழச் சமமாக வைத்துத் தொடங்குங்கள். சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கையை வைத்தால் தட்டின் முழுப் பரப்பும் உள்ளங்கையில் படிய வேண்டும். இறக்கை மிக உயர்ந்திருந்தால் மணிக்கட்டு நேராக இருக்காது. மிகத் தாழ்ந்திருந்தால் கை சறுக்கும், தாங்கல் இருக்காது. ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவே திருப்பி, அரை மணியாவது ஓட்டிவிட்டு அடுத்த மாற்றத்தைச் செய்யுங்கள். பிடித்த கோணம் கிடைத்ததும் ஹேண்டில்பாரில் ஒரு சிறு கோடு போட்டு வைத்தால், கழற்றி மாட்டும்போது மறுபடியும் தேட வேண்டியதில்லை.

இறக்கைக் கிரிப் பிடிக்கவில்லை என்று கழற்றிப் போட்டவர்களில் பலர் கோணத்தைத் தவறாக வைத்தவர்கள்தான்.

லாக்-ஆன், ஸ்லிப்-ஆன், சிலிகோன்: எதை எடுப்பது?

லாக்-ஆன் கிரிப்பில் உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் குழல் இருக்கும். ஓரத்து வளையத்தை போல்ட்டால் முடுக்கிவிட்டால் அசையாது. மாட்டுவதும் கழற்றுவதும் ஒரு நிமிட வேலை. இறக்கை வைத்தவை ஏறக்குறைய எல்லாமே இந்த வகையில்தான் வரும், ஏனென்றால் திரும்பிக்கொண்டால் இறக்கைக்குப் பொருளே இல்லை. உள்ளே குழல் இடத்தை அடைப்பதால், ஒரே வெளி விட்டத்தில் ரப்பருக்குக் கிடைக்கும் கனம் குறைவு என்பது இதன் குறை. வாங்கும்போது வளையம் எத்தனை என்று பாருங்கள். உள்பக்கம் மட்டும் வளையம் உள்ளவற்றில் வெளி ஓரம் வரை ரப்பர் போகும். ஓரத்தில் கை வைத்து ஓட்டும் பழக்கமுள்ளவருக்கு அது பெரிய நிம்மதி.

ஸ்லிப்-ஆன் வெறும் ரப்பர் உறை. குழல் இல்லாததால் மெல்லிய விட்டத்திலும் நல்ல மெத்து கிடைக்கும், எடையும் குறைவு. சரியாக மாட்டாவிட்டால் ஈரத்தில் சுழலத் தொடங்கும். ஓட்டத்தின் நடுவே கிரிப் சுழல்வது ஆபத்து. இறக்கப் பந்தயக்காரர்கள் சிலர் இன்றும் இதைத்தான் விரும்பி, மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

சிலிகோன் நுரைக் கிரிப் தனி இனம். ஈஎஸ்ஐ நிறுவனத்தின் சங்கி ஒரு ஜோடி 60 கிராம் அளவுதான். லாக்-ஆன் ஜோடி பொதுவாக 100 கிராமைத் தொடும். பொடி அதிர்வுகளைத் தணிப்பதில் இதை மிஞ்சுவது கடினம். நெடுந்தூரப் பந்தயக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் அதுதான். ஆனால் வரிகளும் பள்ளங்களும் இல்லாத மேற்பரப்பு என்பதால் சேறும் ஈரமும் பட்டால் பிடிமானம் குறையும், விழுந்தால் எளிதில் கிழியும். வேண்டிய நீளத்துக்குக் கத்தியால் வெட்டிக்கொள்ளலாம் என்பது ஒரு வசதி.

முதன்முதலாக மாற்றுகிறவருக்கு நான் லாக்-ஆனையே சொல்வேன். பிடிக்காவிட்டால் சேதமில்லாமல் கழற்றி வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

எனக்குக் கை அதிகம் வியர்க்கும். என்ன செய்வது?

ஆழமான வரிகளோ, கட்டம் கட்டமான 'வாஃபிள்' மேற்பரப்போ உள்ள ஒட்டும் தன்மை மிகுந்த ரப்பரைத் தேடுங்கள். வியர்வை பள்ளங்களில் இறங்கிவிடும். மேடுகள் கையைப் பிடித்துக்கொள்ளும். இவ்வகை மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும். பிடிமானத்துக்குக் கொடுக்கும் விலை அது. ஸ்பாஞ்சு போன்ற திறந்த நுரைக் கிரிப்களைத் தவிருங்கள், வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். பளபளப்பாகத் தேய்ந்த பழைய ரப்பரும் வியர்வையில் வழுக்கும்.

கையுறை போட்டால் எந்தக் கிரிப்பும் சரிதானே?

சரியில்லை. உள்ளங்கையில் ஜெல் பட்டை தைத்த கையுறை, கிரிப்பின் தடிமனோடு தன் தடிமனையும் சேர்த்துவிடுகிறது. சிலருக்கு அந்தப் பட்டை கியோன் கால்வாய்க்கு நேராகவே வந்து உட்கார்ந்து நரம்பை இன்னும் அழுத்துவதும் உண்டு. உள்ளங்கை மெல்லியதாக உள்ள கையுறையும் பொருத்தமான கிரிப்பும் சேர்ந்தால் போதும். தளர்வான கையுறை எந்தக் கிரிப்போடும் சேராது. துணி மடிந்து கொப்புளம் போடும்.

கிரிப்பின் நீளம் முக்கியமா?

பெரும்பாலானவை 130 முதல் 135 மி.மீ. வரை இருக்கும், சாதாரணக் கைக்கு இது தாராளம். முறுக்கி கியர் மாற்றும் அமைப்பு இருந்தால் மட்டும் அதற்கான குட்டைக் கிரிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். உள்பக்க விளிம்பில் தட்டையான வளையம் உள்ளவை கட்டைவிரலைச் சிலருக்கு உரசும். பிடிக்காவிட்டால் விளிம்பில்லாததை எடுங்கள்.

என் கை சிறியது. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

மெல்லிய கிரிப்பை எடுத்துவிட்டு அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பிரேக் லீவருக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரத்தைக் குறைக்க லீவரில் ஒரு சிறு திருகு இருக்கும். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு லீவரின் மேல் விழும் அளவுக்கு அதைக் கிட்டே கொண்டுவாருங்கள். விரல் எட்டாமல் ஒவ்வொரு முறையும் கையை முன்னால் உருட்டிப் பிரேக் பிடிப்பவருக்கு எந்தக் கிரிப்பாலும் சுகம் கிடைக்காது. இறக்கை வகையில் சிறியது, பெரியது என இரு அளவுகள் வருவதுண்டு. சிறியதைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளின் சைக்கிளுக்கும் இதெல்லாம் பொருந்தும். பெரியவர்களுக்கான தடித்த கிரிப்பைப் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டு "பயப்படாமல் பிடி" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் பயப்படுவது பிடி கிடைக்காததால்தான்.

கிரிப் எதுவும் உதவவில்லை. ஹேண்டில்பாரையே மாற்ற வேண்டுமா?

சிலருக்கு மாற்றத்தான் வேண்டும். வழக்கமான மவுண்டன் பைக் ஹேண்டில்பாரின் முனைகள் 7 முதல் 9 டிகிரி வரை பின்னோக்கி வளைந்திருக்கும். ஒரு பென்சிலைக் கையில் பிடித்து, முன்கையை இயல்பாக முன்னால் நீட்டிப் பாருங்கள். பென்சில் அதைவிட அதிகமாகச் சாய்ந்து நிற்கும். மணிக்கட்டின் வெளிப்பக்கம் வலிப்பவருக்கு 12 அல்லது 16 டிகிரி வளைந்த ஹேண்டில்பார் நல்ல பலன் தருவதுண்டு. எஸ்கியூலேப் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. அகலமும் பாருங்கள். இன்றைய சைக்கிள்கள் பலவும் 780, 800 மி.மீ. ஹேண்டில்பாரோடு வருகின்றன, தோள் குறுகலானவருக்கு அது அதிகம். வெட்டும் முன் கிரிப்பையும் லீவரையும் உள்ளே நகர்த்தி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

லாக்-ஆன் போல்ட்டை எவ்வளவு முடுக்கலாம்?

வளையத்திலேயே எண் பொறித்திருப்பார்கள், பெரும்பாலும் 2 முதல் 5 நியூட்டன் மீட்டருக்குள். சிறிய போல்ட், சிறிய ஆலன் கீ. கையில் பலம் உள்ளவர் எளிதில் மரையைக் கெடுத்துவிடுவார். கார்பன் ஹேண்டில்பார் என்றால் டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் சாவி) இல்லாமல் தொடாதீர்கள். கிரிப்புக்கு ஓர் எண்ணும் ஹேண்டில்பாருக்கு வேறோர் எண்ணும் இருந்தால் குறைந்ததே வரம்பு. கார்பன் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டு, பிறகு ஒரு நாள் எச்சரிக்கையின்றி முறியும்.

ஸ்லிப்-ஆன் கிரிப்பைச் சுழலாமல் மாட்டுவது எப்படி?

ஹேண்டில்பாரையும் கிரிப்பின் உட்புறத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுங்கள். பிறகு கிரிப்புக்குள் கொஞ்சம் ஆல்கஹாலை ஊற்றி உருட்டிவிட்டு, ஒரே மூச்சில் தள்ளி ஏற்றுங்கள். பாதியில் நின்றால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஆல்கஹால் ஆவியாகப் போதிய நேரம் கொடுங்கள். ஓர் இரவு விட்டுவைப்பது உத்தமம். எண்ணெய், கிரீஸ் பக்கமே போக வேண்டாம். சோப்புத் தண்ணீரும் வேண்டாம். காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடுத்த ஈரத்தில் வழுக்கும். கழற்ற, மழுங்கிய மெல்லிய குச்சியை ஓரத்தில் நுழைத்துச் சிறிது ஆல்கஹால் விட்டால் போதும். கம்பி கட்டுபவர், முறுக்கிய முனையைக் கையில் படாத பக்கமாக மடித்து ரப்பருக்குள் அழுத்திவிடுங்கள்.

கிரிப் முனை மூடி தொலைந்துவிட்டது. அப்படியே ஓட்டலாமா?

கூடாது. திறந்த குழாய் முனை, விழும்போது உடலை வட்டமாக வெட்டும் கருவியாகிவிடும். வயிற்றிலும் தொடையிலும் மோசமான காயங்கள் இப்படி வருகின்றன. புது மூடி வரும்வரை சைக்கிளை எடுக்காதீர்கள். முனை ரப்பர் கிழிந்து குழாய் எட்டிப் பார்க்கிற ஸ்லிப்-ஆன் கிரிப்புக்கும் இதேதான்.

புதுக் கிரிப்பை எத்தனை நாள் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது?

வழக்கமாக ஓட்டும் பாதையில் மூன்று நான்கு முறை. முதல் முறை எல்லாமே புதிதாகத் தெரியும், அதை நம்ப வேண்டாம். சீட், லீவர், காற்று எதையும் அந்த நாள்களில் மாற்றாதீர்கள். மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஓட்டி முடித்ததும் உள்ளங்கையைப் பாருங்கள்: ஒரே இடத்தில் சிவந்திருந்தால் அழுத்தம் அங்கே குவிகிறது, பரவலாக லேசாகச் சிவந்திருந்தால் நல்லது. இறக்கத்தின் நடுவே ஒரு கணம் உங்கள் பிடியைக் கவனியுங்கள். விரல்களைத் தளர்த்த முடிகிறதா? முடிந்தால் கிரிப் பொருந்திவிட்டது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

ஓட்டி முடித்துச் சில நிமிடங்களில் உணர்வு திரும்பினால் மேலே சொன்னவற்றைச் செய்து பார்க்கலாம். மறுநாளும் மரத்தே இருந்தாலோ, இரவில் மரத்துத் தூக்கம் கலைந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். அதைவிட முக்கியமான அறிகுறி பலவீனம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் நுனியை மடக்காமல் தாளைப் பிடித்து வைக்க முடியாவிட்டாலோ, விரல்களை அகல விரிக்க முடியாவிட்டாலோ அல்நார் நரம்பில் தசைகளை இயக்கும் இழைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். நரம்பு மெதுவாகத்தான் ஆறும். அது ஆறுகிற வரை எந்தக் கிரிப்பும் மருந்தாகாது.

பழைய கிரிப்பை எப்போது மாற்றுவது?

காலக்கணக்கு இல்லை. வரிகள் தேய்ந்து வழவழப்பானாலோ, ரப்பர் கெட்டிப்பட்டாலோ, பிசுபிசுவென்று உருகினாலோ, முடுக்கிய பிறகும் சுழன்றாலோ மாற்றுங்கள். சன்ஸ்கிரீன், வியர்வை, வெயில் மூன்றும் ரப்பரைத் தின்னும். ஓட்டிவிட்டு வந்ததும் மிதமான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டால் அதிக நாள் வரும். இடது கிரிப்பும் வலது கிரிப்பும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. ஆனாலும் ஜோடியாகவே மாற்றுங்கள், தடிமன் வேறுபட்டால் கை உடனே கண்டுபிடித்துவிடும்.